ஒரு பேட்டர்னுக்கு ஒரே ஒரு வார்ப்பு

மயில்சாமியின் காதுக்குப் பின்னால் பதித்திருந்த கருவியில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. ஏன் தீர்கிறது என்று கம்பெனியில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பிடிபடாத எதற்கும் கம்பெனி ஒரே வைத்தியம்தான் வைத்திருந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுவது. திங்கட்கிழமை துடைப்பதாக முடிவாகியிருந்தது. அதற்குள் காரணத்தைக் கண்டுபிடி, முடியாவிட்டால் கூட இருந்து துடைத்துவிட்டு வா என்று சொல்லி ஜெசிந்தாவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. மெமரி லீக், அதாவது கணினியின் நினைவிடம் காரணம் தெரியாமல் தீர்ந்துபோவது, அதைப் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். மற்றவர்கள் மறுப்பதில்லை. மறுத்தால் யார் அவளோடு மல்லுக்கு நிற்பது? அப்படிப்பட்டவளே இந்த முறை ரயிலில் வரும்போது கொஞ்சம் அரண்டுதான் போயிருந்தாள். இதற்கு முன் அவள் பார்த்த லீக்கெல்லாம் வங்கிக் கணினிகளில். அங்கே துடைத்தால் வாடிக்கையாளர்கள் நாலு வார்த்தை திட்டுவார்கள், அவ்வளவுதான்.

இங்கே அப்படியில்லை. நினைவுத்துணை என்கிற இந்தக் கருவி, தலையில் அடிபட்டுப் புதிய ஞாபகம் எதுவும் தங்காமல் போனவர்களுக்கென்று செய்தது. மயில்சாமி கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் ஃபவுண்டரி, அதாவது இரும்பு வார்ப்புப் பட்டறை, வைத்திருந்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் கிரேன் கொக்கி கழன்று அவர் தலையில் இறங்கியது. அன்றைய தேதி வரைக்குமான வாழ்க்கை அவர் மூளையிலேயே பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கருவியில் மட்டும். அடிபட்டபோது அவர் மனைவி பூங்கொடிக்கு ஏழாம் மாதம். துடைத்தால் மனுஷன் அந்த ஏழாம் மாதத்தில் போய் நிற்பார். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் முதுகின் மேல் யானைச் சவாரி போய்க்கொண்டிருந்த மகளை, அவர் கண்ணால் பார்த்ததே இல்லை என்றாகிவிடும்.

ஜெசிந்தா உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் முதலில் கம்பியைச் செருகி டம்ப் எடுத்தாள். பேச ஆரம்பித்தால் கருவிக்குள் எல்லாம் மாறிவிடும், அதனால் முதலில் டம்ப், அப்புறம்தான் மரியாதை என்பது அவள் கட்சி.

“என்னுங்க இது, வந்ததும் வராததுமா வயரச் சொருகறீங்க?” என்றாள் பூங்கொடி.

“டம்ப் எடுக்கேன்க்கா. இந்த நிமிசம் அவர் கருவிக்குள்ள என்னென்ன இருக்கோ, அது பூராத்துக்கும் ஒரு பிரதி. ஓடிக்கிட்டு இருக்கிறதுக்குள்ள கையை விட்டுத் தேட முடியாது. பிரதின்னா ஆற அமரத் தேடலாம்.”

“தேடுனாக் கெடச்சுருமுங்களா?”

“கெடைக்காம எங்க போயிரும்?” என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் பெயரைச் சொல்லி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் தேடிய எல்லோரும் எதைப் பார்த்தார்களோ அதையே அவளும் முதலில் பார்த்தாள். எது அதிக இடத்தை அடைக்கிறது? முகங்கள், குரல்கள், சமையல் வாசனைகள். எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. வேண்டாததைப் பெருக்கித் தள்ளும் நிரலும் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. குப்பையே இல்லாத வீட்டில் நடக்க இடமில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

கட்டிலில் மயில்சாமிக்குப் பொழுது போகவில்லை. “நீங்க பண்றது என்னன்னு எனக்குஞ் சொல்லுங்க. எந்தலைக்குள்ள நடக்கறது எனக்குத் தெரிய வேண்டாமுங்களா?”

“உங்க ஃபவுண்டரியில பேட்டர்ன் இருக்கும்ல சார்? மரத்துல செஞ்சு, மணல்ல அழுத்தி, அந்தக் குழியில இரும்பை ஊத்துவீங்க.”

“ஆமாங்க.”

“கருவியும் அதைத்தான் செய்யுது. புது ஆளைப் பார்த்தா முதல்ல ஒரு பேட்டர்ன். நாங்க கிளாஸ்னு சொல்லுவோம். அப்புறம் அந்த ஆளை எத்தனை தடவை பாக்கீங்களோ, அத்தனை வார்ப்பு. பூங்கொடி அக்காவுக்கு பேட்டர்ன் ஒண்ணுதான். வார்ப்பு எக்கச்சக்கம். வேண்டாத வார்ப்பை எல்லாம் கருவியே தள்ளிரும்.”

“பேட்டர்ன?”

“யாரும் பிடிச்சுக்கிட்டு இல்லாத பேட்டர்னா இருந்தா அதையும் தள்ளிரும். ஆனா பேட்டர்ன்ல என்ன இருக்கு? நீங்க பழகுற ஆளுங்க எத்தனை பேரு, ஒரு இருநூறு…” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

எல்லோரும் வார்ப்பைத்தான் எண்ணியிருக்கிறார்கள். பேட்டர்னை யாரும் எண்ணவில்லை. அவளும்தான். கிளாஸ் என்பதும் டம்புக்குள் கிடக்கிற ஒரு பொருள்தானே! மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு கிளாஸை மட்டும் கொண்டு வா என்று தட்டினாள். திரை உருள ஆரம்பித்தது. பூங்கொடி வந்தாள். ஃபவுண்டரி ஆட்கள் வந்தார்கள். டாக்டர் வந்தார். அதற்கப்புறம் டைனமோ வந்தது. சில்வண்டு, கலெக்டரம்மா, இட்லிக்குண்டான், ரெண்டு எச்.பி. மோட்டார், சுண்டெலி, மஞ்சப்பை. திரை உருண்டுகொண்டே இருந்தது. நிற்கிற வழியைக் காணோம். எதைத் திறந்தாலும் உள்ளே ஒரே ஒரு வார்ப்புதான் இருந்தது.

“ஒரு பேட்டர்னுக்கு ஒரே ஒரு வார்ப்புங்களா?” மயில்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். “எந்தக் கூறுகெட்டவன் அப்படித் தொழில் பண்ணுவான்? மரச் செலவுக்கே கட்டுபடியாகாதுங்க.”

ஜெசிந்தாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே பெங்களூரில் இருந்த மேலதிகாரி கௌதமனைத் திரையில் கூப்பிட்டாள். “லீக் கிடைச்சுட்டு சார்! கருவிக்கு ஆளு எது, பொருளு எதுன்னு தெரியலை. டைனமோ, மோட்டார், மஞ்சப்பை, பட்டறையில பாக்குறதை எல்லாம் ஒரு ஆளுன்னு நினைச்சு பேட்டர்ன் போட்டிருக்கு.”

கௌதமன் தாடையைத் தடவினார். “நாலு வருஷமா அவர் பட்டறைக்கே போகலையே ஜெசிந்தா. கலெக்டரம்மா எந்தப் பட்டறையில இருக்காங்க?”

பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் குழந்தை கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியது. மயில்சாமி கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார்.

“ஏ டைனமோ! ஓடாத சாமி, வழுக்கீரும்!”

“நான் டைனமோ இல்ல. காலையில இருந்து நான் சுண்டெலி. நீங்கதான சொன்னீங்க?” குழந்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கதவருகே நின்று முறைத்தது.

ஜெசிந்தா குழந்தையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். இத்தனை பேட்டர்ன்களும் நாலு வயசு முழுசாக நிரம்பாத இந்த ஒரு வாண்டுதானா? சற்று முன் கௌதமனிடம் அளந்த கதை அப்படியே நொறுங்கியது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

“கூறுகெட்டவன் யாருன்னு தெரிஞ்சுட்டு சார்,” என்றாள் மயில்சாமியிடம்.

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் மனுஷனின் முகம் வெளிறிவிட்டது. “எம்புள்ளைய நான் கூப்பிட்டதுனாலயா இத்தன வம்பு?”

“இல்லை. கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போங்க, அதுக்கப்புறம் தள்ளியிருக்கணும்ல? ஏன் தள்ளலை? யாரோ பிடிச்சு வச்சிருக்காங்க.”

பிடித்து வைத்திருப்பது யார் என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. ஒரு பொருளைத் தொட்டு, அதைப் பிடித்திருக்கும் பொருளை, அதையும் பிடித்திருக்கும் பொருளை என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஏற வேண்டும். டைனமோவின் கயிறு ஒரு ஆணியில் போய் முடிந்தது. சுண்டெலியின் கயிறும் அதே ஆணியில். கலெக்டரம்மாவும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தாள். பெருக்கும் நிரல் தொடவே கூடாத ஆணி அது, மயில்சாமியின் சொந்த மூளைக்குள் அடித்தது. அதில் ஒரு பெயர் இருந்தது.

“ரங்கநாயகி யாரு?” என்று ஜெசிந்தா உரக்கக் கேட்டாள்.

காலை நீட்டிச் சாய்ந்திருந்த மயில்சாமி சட்டென்று காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். பூங்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். குழந்தை மட்டும் ஒரு கையை உயரத் தூக்கி, “பிரசன்ட் மிஸ்!” என்றது.

“ரெண்டு பேருங்க,” என்றாள் பூங்கொடி மெல்ல. “அது எங்கத்த பேரு. எங்களுக்குக் கண்ணாலம் ஆகறதுக்கு முந்தியே தவறிட்டாங்க. இவிய நெனப்பில்லாமக் கெடந்தப்பத்தான் இவ பொறந்தா. கண்ணு முழிச்சா சந்தோசப்படுவாருன்னு நாந்தான் அந்தப் பேர வெச்சனுங்க.”

“நல்ல விஷயம்தானே?”

“வெச்சதோட சரிங்க. பெத்தவ பேரச் சொல்லி ‘வாடி, போடி’ன்னு கூப்பிடுவாருங்களா? எனக்கும் வாயில வராது. இஸ்கூல்ல மட்டுந்தான் அந்தப் பேரு. ஊட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் கூப்புடுவோம். நான் கண்ணுன்னுட்டு நிறுத்திக்குவேன். இவருக்கு நிமிசத்துக்கு ஒரு பேரு.”

ஜெசிந்தாவுக்கு இது தோன்றாததில் ஆச்சரியமில்லை. அவள் தெருவில் அந்தோணி, சவேரியார் என்று புனிதர்களின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். வைத்த கையோடு அதே பெயரைச் சொல்லித் தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டவும் செய்வார்கள். பெயரை வைத்துவிட்டு அதற்குப் பயந்து நாள் முழுக்க வேறு பெயர் தேடுகிற வீட்டை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

கௌதமனுக்கு அவள் விளக்கினாள். “கருவிக்கு ஒரு ஆளுன்னா பதிவான பேரு ஒண்ணு வேணும். அவர் டைனமோங்கிறார். அது யாருன்னு கருவி தேடிப் போகுது. பதிவுல ரங்கநாயகின்னு இருக்கு. மூளை கிட்ட கேக்குது. மூளை ‘அது எங்கம்மா’ங்குது. சரி, அப்ப இது வேற யாரோ புது ஆளுன்னு ஒரு பேட்டர்ன் போட்டு, போற வழியில அந்த அம்மா ஆணியிலேயே மாட்டிட்டு வந்துருது. அம்மாவைப் பெருக்க முடியாது. அதனால எதையும் பெருக்க முடியலை.”

“பிரமாதம்!” கௌதமன் மேசையைத் தட்டினார். “அப்ப வைத்தியம் சுலபம். பதிவான பேரைத் தவிர வேற பேரை ஏத்துக்காதேன்னு ஒரு விதி போட்டுரு. லீக் நின்னுடும்.”

“அப்ப பிள்ளையை அவர் எப்படிக் கூப்பிடுவார்?”

“ரங்கநாயகின்னு.”

“சார், உங்கம்மாவைப் பேர் சொல்லி ‘ஏய், இங்க வாடி’ன்னு ஒரு தடவை கூப்பிடுங்க பார்ப்போம்.”

கௌதமன் கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற என்ன செய்யலாம்ங்கற?”

“கயிறை அறுத்துடலாம். அம்மாவுக்கு அம்மா ஆணி. பிள்ளைக்குத் தனியா ஒரே ஒரு பேட்டர்ன், பேரைப் பார்க்காம ஆளைப் பார்த்து அடையாளம் காணுற மாதிரி. பேரெல்லாம் மேல ஒட்டுற சீட்டு. எத்தனை வேணா ஒட்டட்டும்.”

நிரலை எழுத அவள் குனிந்தாள். அறையில் ஒரே கும்மாளம். பிள்ளையை மறக்க வேண்டியதில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் மயில்சாமி அவளைத் தூக்கிச் சுற்றினார். “எம்பம்புசெட்டே! எம்பஞ்சு முட்டாயே! தங்கக்கொக்கே! ஊட்டி ரயிலே!” குழந்தை ஒவ்வொன்றுக்கும் கெக்கலித்தது. பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே ஒரு பேட்டர்ன் ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டியவள் ஜெசிந்தாதான். அவளும் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தாள்.

திரை சிவப்பானதும்தான் நிமிர்ந்தாள். “சார், பேசாதீங்க! பேசாதீங்க!” என்று கத்தினாள். நேரம் கடந்திருந்தது. இடம் முழுக்கத் தீர்ந்தால் கருவி யாரையும் கேட்காமல் தானே துடைத்துக்கொண்டு எழும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். மயில்சாமி குழந்தையை மெதுவாகக் கீழே இறக்கினார். கனமான சாமான் ஒன்றை யாரோ கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல ஒரு குழப்பம் அவர் முகத்தில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பூங்கொடியைக் கண்டதும் முகம் தெளிந்தது. அவள் வயிற்றைப் பார்த்ததும் இருண்டது.

“பூங்கொடி, என்னாச்சு? கொழந்த எங்க?”

“அப்பா,” என்றது குழந்தை.

அவர் குனிந்து பார்த்தார். நல்ல மனுஷன், அந்த நிலையிலும் சிரித்தார். “யாரு பாப்பா நீ? உங்கம்மா எங்க?” என்றார். பிறகு மறுபடியும் பூங்கொடியின் வயிற்றைப் பார்த்து அழ ஆரம்பித்தார்.

பூங்கொடி அழவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிட நாலு அறை வாங்கிக்கொள்வது எளிது என்று ஜெசிந்தாவுக்குப் பட்டது. தான் ஜெயித்த நிமிஷத்தில் தன் கண்ணெதிரே ஒரு அப்பாவைத் தொலைத்திருந்தாள்.

“வருத்தமா இருக்கு,” என்றார் கௌதமன் திரையில். “உன் தப்பு இல்லை. அறிக்கை எழுதிடு. டம்பை அனுப்பி வை, பிரேதப் பரிசோதனைக்கு ஆகும்.”

பிரேதப் பரிசோதனை. அந்தத் தொழிலில் எல்லோரும் டம்பை அப்படித்தான் சொல்வார்கள். செத்தது ஏன் செத்தது என்று அறுத்துப் பார்ப்பதற்கு. ஜெசிந்தாவும் வாழ்க்கை முழுக்க அப்படியே சொல்லி வந்தவள்தான். இன்றைக்கு அந்த வார்த்தையில் அவள் நின்றுவிட்டாள். எது செத்தது? பூங்கொடியிடம் காலையில் அவள் என்ன சொன்னாள்? அது பூராத்துக்கும் ஒரு பிரதி.

“சார், இது பிரேதம் இல்லை. நாலு வருஷமும் அப்படியே எங்கிட்ட இருக்கு. திருப்பி ஊத்தப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு? டம்பை யாரும் திருப்பி ஊத்தினதில்லை. ஊத்தினா லீக்கும் சேர்ந்து உள்ள போகும், அடுத்த நிமிஷம் மறுபடி நிரம்பிடும்.”

“இத்தனை நாள் லீக் எதுன்னு தெரியாது, அதான் யாரும் ஊத்தலை. இப்ப தெரியும். டைனமோ, சுண்டெலி எல்லாத்தையும் உருக்கி ஒரே பேட்டர்ன்ல சேர்த்துட்டு ஊத்துறேன்.”

“தப்பாப் போனா அவர் மூளையில மிச்சம் இருக்கிறதும் கலங்கிடும். கம்பெனி அனுமதி இல்லை, ஜெசிந்தா.”

அவள் பூங்கொடியிடம் திரும்பினாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சரியாக வந்தால் இன்று காலை நான் வந்தபோது இருந்த மனுஷன் அப்படியே திரும்பி வருவார். தப்பாகப் போனால் உங்களையும் மறந்துவிடலாம். முடிவு உங்களுடையது.

பூங்கொடி கணவரைப் பார்த்தாள். அவர் இல்லாத குழந்தைக்காக அழுதுகொண்டிருந்தார். இருக்கிற குழந்தை தன் கைக்குட்டையை நீட்டி, “அழுவாதீங்க,” என்று அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஊத்துங்க,” என்றாள் பூங்கொடி.

ஜெசிந்தா கௌதமனின் குரலை அணைத்தாள். முகத்தை மட்டும் விட்டுவைத்தாள். பிரதிக்குள் இறங்கி முதலில் அம்மா ஆணியைத் தனியே ஒதுக்கினாள். ஒரு கயிறு தவறி அறுந்தாலும் மயில்சாமி பெற்ற தாயை இழப்பார். அதனால் ஒவ்வொரு கயிற்றையும் தொட்டுப் பார்த்துத்தான் அறுத்தாள். அறுத்த பேட்டர்ன்களை எல்லாம் ஒன்றாக உருக்கினாள். முதல் முறை தவழ்ந்தது ஒரு பெயரில் கிடந்தது. முதல் பல் இன்னொரு பெயரில். காய்ச்சல் கண்டு தோளிலேயே தூங்கியது வேறொன்றில். அதுவரை ஆளுக்கொரு மூலையில் கிடந்தவை ஒரே பிள்ளையாகச் சேர்ந்தன. சேரச் சேர இடம் காலியாகிக்கொண்டே வந்தது. எவ்வளவு காலி என்று பார்த்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. திரையில் கௌதமன் எழுந்து நின்றுவிட்டார். பாதியில் விட்ட நிரலையும் எழுதி முடித்துச் சேர்த்தாள்.

ஊற்றினாள்.

மயில்சாமியின் அழுகை பாதியில் நின்றது. கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது, விரிந்தது. பூங்கொடி சாமி பெயர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா தன் ஊர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து, தன் கையில் இருந்த சின்னக் கைக்குட்டையைப் பார்த்தார். அதை நீட்டியவளைப் பார்த்தார்.

“என்ற குட்டி ராக்கெட்டே,” என்றார். “எதுக்கு எனக்கு உங்கைக்குட்ட?”

புத்தம் புதிய பெயர். ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பேட்டர்ன் ஏறவில்லை. ஒரு சீட்டு மட்டும் ஒட்டிக்கொண்டது. இடத்தின் அளவைக் காட்டும் கோடு அசையாமல் கிடந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கையை மேலே தூக்கி, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஒரு கூச்சல் போட்டாள். பூங்கொடி கணவரையும் மகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள். திரையில் கௌதமன் சத்தமில்லாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். யாரும் அவளுக்கு விளக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து கௌதமனின் குரலை அவள் திறந்துவிட்டாள். “இதுக்கு முன்னாடி நாம துடைச்சுவிட்ட மத்தவங்களோட டம்பெல்லாம் நம்ம கிடங்குல இருக்கு, ஜெசிந்தா. ஒண்ணையும் தூக்கிப் போடலை.”

“தெரியும் சார். அவங்களுக்கும் சேர்த்துத்தான் கத்துனேன்.”

அப்போது மயில்சாமி பூங்கொடியின் காதோடு கேட்டது எல்லோருக்கும் கேட்டது. “ஏம்புள்ள, ஜன்னலோரம் கத்திட்டு நிக்கறாங்களே, அவிய யாரு?”

பூங்கொடி திடுக்கிட்டாள். ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. டம்ப் எடுத்தது அவள் வணக்கம் சொல்வதற்கு முன்னால். பேட்டர்ன் பேச்சும், விழுந்து விழுந்து சிரித்ததும், பிள்ளையைத் தூக்கிச் சுற்றியதும், இன்று அவள் ஜெயித்தது மொத்தமும் அதற்குப் பின்னால். அவரைப் பொறுத்தவரை அவள் இன்னும் வரவே இல்லை. ஒரு நொடி மனசு சுருக்கென்றது. அடுத்த நொடி, இதைவிடச் சுத்தமாக ஒரு வேலையை முடிக்க முடியாது என்று சிரிப்பு வந்தது. பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

குழந்தை முந்திக்கொண்டது. ஒரு கையால் அவள் விரலையும் மறு கையால் அப்பாவின் விரலையும் பிடித்து இழுத்து, இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது.

“அப்பா, இது ஜெசிந்தா அத்தை. மறந்துறாதீங்க, என்ன?”